கேலக்ஸி ஏன் தட்டை, கொத்து ஏன் உருண்டை? வடிவமும் ஓட்டமும் பற்றிய கேள்விகளுக்கு நீங்களே விடை தேட ஒரு முழு வழிகாட்டி

"மாமா, இது சுத்துதுன்னு சொல்றீங்க. பத்து நிமிஷமா பாக்குறேன், அப்படியேதானே இருக்கு?"

எங்கள் மொட்டை மாடியில் தொலைநோக்கி வழியாக ஆண்ட்ரோமீடா கேலக்ஸியைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண் கேட்டது இது. கேட்டுவிட்டு, தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்துக்கொள்ள அவசியமே இல்லை. இதே கேள்வியில் 1916-இல் ஒரு தேர்ந்த வானியலாளர் சறுக்கினார். அவர் சறுக்கியதால் வானியல் உலகமே சில ஆண்டுகள் குழம்பிக் கிடந்தது. அந்தக் கதை கீழே வரும்.

வடிவம், ஓட்டம் இரண்டையும் பற்றி ஆர்வலர்கள் கேட்பவை கடினமான கேள்விகள். வானம் நமக்குக் கொடுப்பது ஒரே ஒரு புகைப்படம்தான் என்பதே காரணம். அந்தப் படத்தில் ஆழம் கிடையாது, நேரமும் கிடையாது. வடிவம் பற்றிக் கேட்டால் தொலைந்துபோன ஆழத்தை மீட்க வேண்டும். ஓட்டம் பற்றிக் கேட்டால் தொலைந்துபோன நேரத்தை மீட்க வேண்டும். அதற்கு எந்த வரிசையில் யோசிப்பது என்பதைத்தான் படிப்படியாக எழுதியிருக்கிறேன். பள்ளிப் புத்தகங்களில் அண்டம், விண்மீன் திரள் என்று பல பெயர்கள் வந்து குழப்புவதால், கேலக்ஸியைக் கேலக்ஸி என்றே எழுதுகிறேன்.

படி 1: எதைப் பற்றிக் கேட்கிறோம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

வானத்தில் கூட்டமாகத் தெரிவதெல்லாம் கூட்டம் அல்ல. ராசி மண்டலங்கள் பெரும்பாலும் வெறும் கண்தோற்றம். சப்தரிஷி மண்டலம் மட்டும் சுவையான விதிவிலக்கு. அதன் ஏழு நட்சத்திரங்களில் நடுவிலுள்ள ஐந்தும் சுமார் 80 ஒளியாண்டுத் தொலைவில் ஒரே திசையில் ஒன்றாகப் போகின்றன. கல்யாணத்தில் காட்டுகிற அருந்ததியும் வசிஷ்டரும் அந்த ஐவரோடு சேர்த்திதான். இரு முனைகளில் உள்ள இரண்டு மட்டும் வேறு வழி போகிறவை. ரிச்சர்ட் ப்ராக்டர் 1869-இல் இதைக் கவனித்துச் சொன்னார்.

அடுத்தது திறந்த கொத்து. சங்கப் பாட்டுகள் அறுமீன் என்று சொல்லும் கார்த்திகை இந்த வகை. ஒரே வாயு மேகத்தில் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்த சில நூறு முதல் சில ஆயிரம் நட்சத்திரங்கள். கார்த்திகையின் தொலைவு சுமார் 440 ஒளியாண்டு, வயது சுமார் 10 கோடி ஆண்டு. நட்சத்திரக் கணக்கில் பச்சைக் குழந்தை.

மூன்றாவது கோளக் கொத்து. சில பத்தாயிரம் முதல் பல லட்சம், அரிதாக ஒரு கோடி வரை கிழட்டு நட்சத்திரங்கள், உருண்டையாக நெருக்கியடித்துக்கொண்டு. நம் கேலக்ஸியான பால்வீதியைச் சுற்றி இப்படி 150-க்கு மேல் உண்டு. வயது பெரும்பாலும் 1,000 கோடி ஆண்டுக்கு மேல். 1918-இல் ஹார்லோ ஷாப்லி இவற்றின் இருப்பிடங்களைக் குறித்துப் பார்த்தபோது, பெரும்பாலும் தனுசு ராசிப் பக்கமாகக் குவிந்திருந்தன. அங்கேதான் பால்வீதியின் மையம், நம் சூரியன் அந்த மையத்தில் இல்லை என்று அதிலிருந்து தெரிந்தது. கொத்துகளின் கூட்டம் இருக்கும் இடத்தை வைத்தே நம் வீட்டு முகவரியைக் கண்டுபிடித்திருக்கிறார் மனிதர்.

கடைசியாக கேலக்ஸி. பல கோடி முதல் லட்சம் கோடி வரை நட்சத்திரங்களும் வாயுவும் தூசியும் சேர்ந்தது. கேள்வி எழுந்தவுடன் இந்த நான்கில் எது என்று முடிவு செய்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ரோகிணி நட்சத்திரம், பின்னால் 'வி' வடிவத்தில் தெரியும் ஹயாடிஸ் கொத்தின் தலைவன் போலவே இருக்கும். ஆனால் ரோகிணி 65 ஒளியாண்டுத் தொலைவில், கொத்து 150 ஒளியாண்டுத் தொலைவில். ரோகிணி நடுவழியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

படி 2: சாய்வைக் கழித்துப் பாருங்கள்

ஒரு தட்டை முகத்துக்கு நேராகப் பிடித்தால் வட்டம். சாய்த்தால் நீள்வட்டம். விளிம்பைக் காட்டினால் கோடு. ஆண்ட்ரோமீடா நீளமாகத் தெரிவது அது நீளமானது என்பதால் அல்ல, நமக்குச் சாய்ந்து கிடப்பதால்.

இதை நீங்களே அளக்கலாம். இணையத்தில் ஆண்ட்ரோமீடாவின் நல்ல படம் ஒன்றை எடுத்து, அளவுகோல் வைத்து நீளத்தையும் அகலத்தையும் அளங்கள். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்று வரும். அகலத்தை நீளத்தால் வகுத்து, கால்குலேட்டரில் தலைகீழ் கொசைன் (cos⁻¹) போட்டால் சுமார் 70 டிகிரி. வானியலாளர்கள் ஏற்றுக்கொண்ட சாய்வு 77 டிகிரி. இந்த வித்தியாசத்துக்கும் காரணம் உண்டு. நம் கணக்கு கேலக்ஸியைத் தடிமனே இல்லாத காகிதமாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் தடிமன் இருப்பதால் அகலம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்து, சாய்வைக் குறைத்துக் காட்டுகிறது.

சரி, சாய்வு தெரிந்தது. எந்தப் பக்கம் நம்மை நோக்கி இருக்கிறது? இதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை, ஆனால் மிக அழகான கேள்வி. கருந்தூசிப் பட்டைகளைப் பாருங்கள். நம் பக்கம் இருக்கும் தூசி, நடுவிலுள்ள ஒளிப் புடைப்பின் முன்னால் நின்று நிழல்போலத் தெளிவாகத் தெரியும். அந்தப் பக்கம் இருக்கும் தூசி புடைப்புக்குப் பின்னால் போய் மங்கிவிடும். ஆண்ட்ரோமீடாவில் வடமேற்கு விளிம்புதான் நமக்கு அருகில்.

நீள்வட்டக் கேலக்ஸிகளில் இந்த வித்தை பலிக்காது. தூசி மிகக் குறைவு, சுருண்ட கைகளும் இல்லை. எட்வின் ஹபிள் 1926-இல் வகை பிரித்தபோது இவற்றுக்கு 0 முதல் 7 வரை எண் கொடுத்தார். 0 என்றால் வட்டம், 7 என்றால் நன்றாக நீண்டது. அந்த எண் நம் கண்ணுக்குத் தெரியும் வடிவத்துக்குத்தான். தேங்காயை நுனிப் பக்கமாகப் பார்த்தாலும் வட்டம்தானே? 0 என்று பேர் வாங்கிய கேலக்ஸி உண்மையிலேயே உருண்டையா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

படி 3: கடிகாரத்தை மாற்றுங்கள்

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். ஏன் சுற்றுவது தெரியவில்லை?

ஆண்ட்ரோமீடாவில் நட்சத்திரங்கள் நொடிக்குச் சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு மூன்று நொடி. ஆனால் கேலக்ஸி இருப்பது 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில். கணக்குப் போட்டால், அந்த வேகத்தில் குறுக்கே ஓடும் நட்சத்திரம் நம் வானத்தில் ஒரு விகலை நகர சுமார் 16,000 ஆண்டுகள் ஆகும். விகலை என்பது ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு. பத்து நிமிடத்தில் என்ன தெரியும்?

அந்தச் சறுக்கிய கதை இதுதான். அட்ரியன் வான் மானென், அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் இருந்தவர். சில ஆண்டு இடைவெளியில் எடுத்த புகைப்படத் தகடுகளை ஒப்பிட்டு, எம்101 என்ற சுழல் கேலக்ஸி சுற்றுவதைக் கண்ணால் அளந்துவிட்டேன் என்று 1916-இல் சொன்னார். அப்போது கேலக்ஸிகள் பால்வீதிக்கு உள்ளேயா வெளியேயா என்றே தெரியாது. சில ஆண்டிலேயே சுழற்சி தெரிகிறது என்றால் அது பக்கத்தில்தான் இருக்க வேண்டும். பால்வீதிக்கு வெளியே வெகு தொலைவில் இருந்தால் வேகம் ஒளியையே மிஞ்சிவிடும். ஷாப்லி இதை நம்பி, சுழல்கள் நம் பால்வீதியைச் சேர்ந்தவை என்று 1920-இல் வாதாடினார். ஹபிள் ஆண்ட்ரோமீடாவில் ஒளி கூடிக் குறைந்து துடிக்கும் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்து, அவற்றை வைத்து அதன் தொலைவை அளந்த பிறகுதான், வான் மானென் அளவீடு பிழை என்பது உறுதியானது. அவர் நேர்மையானவர், திறமைசாலியும்கூட. அளக்க முயன்ற நகர்வு அவர் கருவிகளின் எல்லைக்கு அப்பால் இருந்தது, அதுதான் விஷயம்.

இன்று அது முடிகிறது. எம்33 கேலக்ஸியின் சுழற்சியை வானொலித் தொலைநோக்கிகளால் 2005-இல் நேரடியாக அளந்தார்கள். பால்வீதிக்குப் பக்கத்திலுள்ள சிறு கேலக்ஸியான பெரிய மெகல்லன் மேகம் ஒரு சுற்றுச் சுற்ற 25 கோடி ஆண்டு ஆகிறது என்பதை, ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில் நட்சத்திரங்கள் நகர்ந்ததை வைத்தே 2014-இல் சொன்னார்கள்.

நம் பக்கத்துக் கொத்துகளுக்கும் இதே கணக்கைப் போடலாம். கார்த்திகை ஆண்டுக்கு ஒரு விகலையில் இருபதில் ஒரு பங்கு நகர்கிறது. ஒரு முழு நிலாவின் அகலம் நகர 36,000 ஆண்டு வேண்டும். சங்கப் புலவர்கள் பார்த்த அறுமீனுக்கும் நாம் பார்ப்பதற்கும் இடையே 2,000 ஆண்டு. அதற்குள் அது நகர்ந்தது நிலாவின் அகலத்தில் பதினெட்டில் ஒரு பங்கு.

யாராவது "இது நகருதா?" என்று கேட்டால் நான் இப்போது நேராகப் பதில் சொல்வதில்லை. வேகம் என்ன, தொலைவு என்ன, வகுத்தால் என்ன வருகிறது என்று அவர்களோடு சேர்ந்து ஒரு தாளில் போட்டுப் பார்ப்பேன். தொலைவும் நேரமும் அப்போதுதான் உடம்பில் உறைக்கிறது.

படி 4: குறுக்கு ஓட்டமா, நேர் ஓட்டமா என்று கேளுங்கள்

குறுக்கே ஓடுவதை அளக்கப் பொறுமை வேண்டும். நம்மை நோக்கியோ விலகியோ ஓடுவதை ஒரே இரவில் அளக்கலாம். நம்மை நோக்கி வரும் பொருளின் ஒளி அலைகள் நெருக்கப்பட்டு நீலப் பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம். ஆம்புலன்ஸ் நம்மைக் கடக்கும்போது சைரன் சத்தம் சட்டென்று இறங்குமே, அதே டாப்ளர் விளைவு. தொலைவு எவ்வளவானாலும் இந்த அளவீடு மங்குவதில்லை, ஒளி வந்து சேர்ந்தால் போதும்.

வெஸ்டோ ஸ்லைஃபர் 1912-இல் லோவெல் ஆய்வகத்தில் ஆண்ட்ரோமீடாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். நொடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் அது நம்மை நோக்கி வருகிறது! "பிரபஞ்சம் விரிகிறது என்றால் ஆண்ட்ரோமீடா ஏன் நெருங்குகிறது?" என்ற கேள்வி இங்கேதான் வரும். விரிவு தொலைவுக்கு ஏற்பக் கூடும். ஆண்ட்ரோமீடா இருக்கும் தொலைவில் விரிவின் பங்கு நொடிக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். இரண்டு பெரிய கேலக்ஸிகளின் ஈர்ப்பு அதை எப்போதோ வென்றுவிட்டது. அந்த 300-இலும் பெரும்பகுதி, பால்வீதிக்குள் சூரியன் அந்தப் பக்கமாக ஓடுவதால் வருவது. இரண்டு கேலக்ஸிகளும் ஒன்றையொன்று நெருங்குவது நொடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர்.

சுழற்சியையும் இதே முறையில் பிடிக்கலாம். ஆண்ட்ரோமீடாவின் தென்மேற்கு முனை நொடிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் நெருங்கி வருகிறது, வடகிழக்கு முனை 100-க்கும் கீழ். நடுவில் 300. ஒரு முனை முந்துகிறது, மறுமுனை பின்தங்குகிறது என்றால் தட்டு சுற்றுகிறது என்றுதான் பொருள்.

இப்படி மையத்திலிருந்து விளிம்பு வரை வேகத்தை அளந்துகொண்டே போனவர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும். 1970-இல் ஆண்ட்ரோமீடாவுக்கு வந்த விடை எதிர்பார்த்தது அல்ல. சூரியக் குடும்பத்தில் புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் ஓடுகிறது, தொலைவிலுள்ள நெப்டியூன் 5.4 தான். எடை நடுவில் குவிந்திருந்தால் தள்ளிப் போகப் போக வேகம் குறைய வேண்டும். கேலக்ஸியிலோ வெளியே போனாலும் வேகம் குறையவே இல்லை. ஒளிராத ஏதோ ஒன்று பெரும் எடையோடு கேலக்ஸியைச் சூழ்ந்திருக்கிறது என்பதற்கு இது மிக வலுவான சான்றானது. கரும்பொருள் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். கேலக்ஸிகளே கூட்டமாகச் சேர்ந்த கொமா கொத்தைப் பார்த்து ஃபிரிட்ஸ் ஸ்விக்கி 1933-லேயே இதைச் சொன்னார், அன்று கேட்க ஆள் இல்லை.

படி 5: வடிவத்தைத் தாங்கிப் பிடிப்பது எது?

எனக்கு மிகப் பிடித்த படி இது. எந்த வடிவத்தைப் பார்த்தாலும், "ஈர்ப்பு எல்லாவற்றையும் நடுவுக்கு இழுக்கிறதே, ஏன் விழவில்லை?" என்று கேளுங்கள். விடை இரண்டில் ஒன்றாக இருக்கும். எல்லாம் ஒரே பக்கமாகச் சுற்றுவதால் விழவில்லை. அல்லது ஆளுக்கொரு திசையில் ஓடுவதால் விழவில்லை.

முதலில் தட்டு. பால்வீதி ஒரு லட்சம் ஒளியாண்டு அகலம், அதன் நட்சத்திரத் தட்டு சுமார் ஆயிரம் ஒளியாண்டுத் தடிமன். நூறுக்கு ஒன்று. 15 சென்டிமீட்டர் அப்பளம் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் இருந்தால் எப்படியோ அப்படி. இவ்வளவு தட்டையாக்கியது வாயு. கோயில் பிரகாரத்தில் ஆளுக்கொரு திசையில் நடக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? முட்டி மோதி, கொஞ்ச நேரத்தில் எல்லாரும் பெரும்பான்மை போகும் பக்கமே திரும்பிவிடுவார்கள். வாயு மேகங்களும் மோதி, மோதலின் சக்தியை ஒளியாகவும் வெப்பமாகவும் வெளியே விட்டுவிடுகின்றன. ஆனால் மொத்தச் சுழற்சியை, அதாவது கோண உந்தத்தை, அப்படித் தொலைக்க முடியாது. மேலும் கீழும் ஓடும் ஓட்டம் கரைந்துபோய், சுற்றும் ஓட்டம் மட்டும் மிஞ்சுகிறது. அதுதான் தட்டு. அதற்குப் பிறகு அந்த வாயுவில் பிறக்கும் நட்சத்திரங்கள் தட்டிலேயே ஓடுகின்றன.

நட்சத்திரங்கள் பிறந்த பிறகு அப்படி மோதிக்கொள்வதில்லை. அதனால்தான் கோளக் கொத்து உருண்டையாகவே இருக்கிறது. அதில் ஒவ்வொரு நட்சத்திரமும் தனக்கென ஒரு பாதையில் மையத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது. ஊஞ்சல் கீழே வரும்போது அங்கேயே நின்றுவிடுமா? வந்த வேகத்தில் மறுபக்கம் ஏறிவிடும். உராய்வு இல்லாத லட்சக்கணக்கான ஊஞ்சல்கள், எல்லாத் திசையிலும். இதன் சராசரி வடிவம்தான் நாம் பார்க்கும் உருண்டை. கொத்தும் கொஞ்சம் மொத்தமாகச் சுற்றினால் சற்றே தட்டையாகும், ஒமேகா சென்டாரி என்ற கோளக் கொத்தில் அது கண்ணுக்கே தெரிகிறது.

இந்த ஊஞ்சல் கணக்கிலிருந்து 2024-இல் ஒரு பெரிய செய்தி கிடைத்தது. ஹபிள் தொலைநோக்கி இருபது ஆண்டுகளில் ஒமேகா சென்டாரியை எடுத்த படங்களிலிருந்து 14 லட்சம் நட்சத்திரங்களின் நகர்வை அளந்தார்கள். நடுவில் ஏழு நட்சத்திரங்கள், கொத்தைவிட்டே தப்பிப் போயிருக்க வேண்டிய வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் அங்கேயே இருக்கின்றன. அவற்றைப் பிடித்து வைத்திருப்பது குறைந்தது 8,200 சூரிய எடையுள்ள கருந்துளையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

திறந்த கொத்துகளுக்கு இந்தப் பிடிமானம் குறைவு. கார்த்திகைக்குள் நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று ஓடும் வேகம் நொடிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. லேசாக இழுத்தாலே பிரிந்துவிடும். பால்வீதியின் ஈர்ப்பும், வழியில் வரும் வாயு மேகங்களும் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போகும். சில கோடி முதல் சில நூறு கோடி ஆண்டுக்குள் பெரும்பாலான திறந்த கொத்துகள் கரைந்துவிடுகின்றன. நம் சூரியனும் இப்படி ஒரு கொத்தில் பிறந்து பிரிந்து வந்திருக்க வேண்டும் என்றே கருதுகிறார்கள்.

அப்புறம் சுழற்கைகள். இதில்தான் எல்லாரும் இடறுகிறார்கள், நானும் பல வருடம் தவறாகவே நினைத்திருந்தேன். கை என்பது நட்சத்திரங்களால் கட்டிய கயிறு போன்ற ஒரு பொருள் என்று வைத்துக்கொண்டால் கணக்கு உதைக்கும். சூரியன் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டில் ஒரு சுற்றுக்குச் சுமார் 23 கோடி ஆண்டு எடுக்கிறது. பாதித் தொலைவிலுள்ள நட்சத்திரமும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடுவதால் பாதி நேரத்தில் சுற்றிவிடும். சூரியன் ஒரு சுற்று முடிக்கும்போது உள்ளே இருப்பது இரண்டு சுற்று. சூரியனின் 460 கோடி ஆண்டு வயதில் சுமார் 20 சுற்று. கை உண்மையான பொருளாக இருந்தால் இந்நேரம் நூல்கண்டு மாதிரி இருபது தடவை சுருண்டிருக்கும். ஆனால் பெரும்பாலான சுழல் கேலக்ஸிகளில் கை ஒன்றிரண்டு சுற்றுக்கு மேல் போவதில்லை.

சி. சி. லின்னும் ஃபிராங்க் ஷூவும் 1964-இல் முன்வைத்த விடை அடர்த்தி அலை. மலைப்பாதையில் மெதுவாக ஏறும் லாரியின் பின்னால் வாகனங்கள் நெரிசலாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு காரும் நெரிசலுக்குள் வந்து, லாரியைத் தாண்டிப் போய்விடுகிறது. நெரிசல் மட்டும் லாரியோடு மெதுவாக நகர்கிறது. சுழற்கையும் அப்படி ஒரு நெரிசல். நட்சத்திரங்களும் வாயுவும் உள்ளே வந்து வெளியே போகின்றன. வாயு நெரிபடும் இடத்தில் புதிய நட்சத்திரங்கள் பிறக்கின்றன. அவற்றில் பெரிய நீல நட்சத்திரங்கள் பளிச்சென்று எரிந்து, கையைவிட்டு வெளியேறும் முன்பே முடிந்துபோகின்றன. கை நீலமாக ஒளிர்வது அதனால்தான். எல்லாச் சுழல்களுக்கும் இது ஒன்றே விடை என்று சொல்ல மாட்டேன். துண்டு துண்டாகக் கைகள் கொண்ட கேலக்ஸிகளில் கைகள் தோன்றித் தோன்றி மறைகின்றன என்ற விளக்கமே பொருத்தமாக இருக்கிறது. அலைகள் எவ்வளவு காலம் நீடிக்கும் என்ற விவாதம் இன்றும் ஓடுகிறது.

"கை சுருளும் பக்கமா சுற்றுகிறது, எதிர்ப்பக்கமா?" என்றும் கேட்பார்கள். பெரும்பாலானவற்றில் கைகளின் நுனி பின்னால் இழுபட்டு வரும், பெண்கள் சுற்றி ஆடும்போது பாவாடை ஓரம் பின்னால் வருவதைப் போல. என்ஜிசி 4622 மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. ஒரு கேலக்ஸி எந்த வகை என்று சொல்ல, படி 2-இல் பார்த்த அருகுப் பக்கமும் படி 4-இல் பார்த்த டாப்ளரும் இரண்டும் தெரிந்தாக வேண்டும்.

நீள்வட்டக் கேலக்ஸிகள் தட்டையாவதும் சுழற்சியால்தான் என்று முன்பு நினைத்தார்கள். 1970-களில் அளந்து பார்த்தபோது, பெரிய நீள்வட்டங்கள் போதிய வேகத்தில் சுற்றவில்லை. அவற்றின் நட்சத்திரங்கள் ஒரு திசையில் வேகமாகவும் மற்றொரு திசையில் மெதுவாகவும் ஓடுவதால்தான் அந்த நீண்ட வடிவம் வருகிறது.

படி 6: மோதல் என்றால் எது எதோடு மோதுகிறது?

சூரியனை 2 மில்லிமீட்டர் கடுகாக்குங்கள். அடுத்த நட்சத்திரமும் ஒரு கடுகு என்றால், அது சுமார் 58 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். சென்னையில் ஒரு கடுகு, மாமல்லபுரத்தில் ஒரு கடுகு. இப்போது பால்வீதியை ஒரு அடி அகலத் தோசையாக்குங்கள். ஆண்ட்ரோமீடா என்ற அடுத்த தோசை ஏழரை மீட்டர் தூரத்தில், அதே கூடத்துக்குள் இருக்கும். கேலக்ஸிகள் அடிக்கடி மோதிக்கொள்வதும், மோதும்போது நட்சத்திரங்கள் மோதாமல் ஒன்றையொன்று கடந்துவிடுவதும் இந்த இரண்டு அளவுகளிலேயே அடங்கியிருக்கிறது.

கணினி வருவதற்கு முன்பே இதைச் செய்து பார்த்த ஒருவர் உண்டு. எரிக் ஹோல்ம்பெர்க், 1941. ஒளியும் ஈர்ப்பைப் போலவே தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது அல்லவா? ஒரு கேலக்ஸிக்கு 37 என 74 மின்விளக்குகளை மேசைமேல் வைத்து, ஒவ்வொரு இடத்திலும் விழும் ஒளியை அளந்து, அதையே ஈர்ப்பாக எடுத்துக்கொண்டு விளக்குகளை நகர்த்தினார். எனக்கு இதைவிட அழகான சோதனை ஒன்று தெரியாது. 1972-இல் டூம்ரே சகோதரர்கள் கணினியில் போட்டு, மோதும் கேலக்ஸிகளின் நீண்ட வால்கள் ஈர்ப்பினால் மட்டுமே வரும் என்று காட்டினார்கள்.

மோதிய கேலக்ஸிகள் கடந்து போய்விடாமல் ஏன் ஒன்றாகின்றன என்பதற்கு விடை, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943-இல் சொன்ன இயக்க உராய்வு. கனமான பொருள் நட்சத்திரக் கூட்டத்துக்குள் ஓடும்போது, அது இழுத்த நட்சத்திரங்கள் அதன் பின்னால் குவிகின்றன. அந்தக் குவியல் அதைப் பின்னுக்கு இழுத்து வேகத்தைக் குறைக்கிறது.

"ஆண்ட்ரோமீடா நம்மேல் மோதுமா?" 2012-இல், சுமார் 400 கோடி ஆண்டில் நிச்சயம் என்றார்கள். 2025-இல் வெளியான ஆய்வு மற்ற அண்டைக் கேலக்ஸிகளின் இழுப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு, அடுத்த 1,000 கோடி ஆண்டில் மோத ஏறக்குறைய ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு என்கிறது.

படி 7: நீங்களே அளந்து பாருங்கள்

இதுவரை படித்தது போதும், மூன்று வேலைகள் சொல்கிறேன்.

முதலாவது, வீட்டுக் கணினியில். ஐரோப்பாவின் கையா விண்கலம் அளந்த 180 கோடி நட்சத்திரங்களின் தரவுகள் யாரும் எடுக்கும்படி இலவசமாக இருக்கின்றன. டாப்கேட் என்ற மென்பொருளும் இலவசம். கார்த்திகையைச் சுற்றி இரண்டு டிகிரிக்குள் உள்ள பிரகாசமான நட்சத்திரங்களை இறக்கி, கிழக்கு–மேற்கு நகர்வை ஒரு அச்சிலும் வடக்கு–தெற்கு நகர்வை மறு அச்சிலும் வரையுங்கள். பின்னணி நட்சத்திரங்கள் பூஜ்யத்தைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும். கார்த்திகை நட்சத்திரங்கள் மட்டும் ஆண்டுக்குக் கிழக்கே 20, தெற்கே 45 மில்லிவிகலை (விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்ற இடத்தில் தனிக் குவியலாக நிற்கும். அந்தக் குவியலின் இடமாறு கோணம், அதாவது பூமி சூரியனைச் சுற்றுவதால் அது இடம் மாறித் தெரியும் அளவு, சுமார் 7.37 மில்லிவிகலை. ஆயிரத்தை அதால் வகுத்து 3.26-ஆல் பெருக்கினால் 442 ஒளியாண்டு. நகர்வையும் தொலைவையும் சேர்த்தால் குறுக்கு வேகம் நொடிக்கு 32 கிலோமீட்டர். ஒரு கொத்தின் தொலைவையும் ஓட்டத்தையும் நாமே கண்டுபிடித்தோம் என்ற மகிழ்ச்சியை ஒருமுறை அனுபவித்துப் பாருங்கள்.

இரண்டாவது, கொஞ்சம் கைவேலை. ஹைட்ரஜன் வாயு 1,420.4 மெகாஹெர்ட்ஸில் வானொலி அலை விடுகிறது. அட்டையும் அலுமினியத் தாளும் வைத்துச் செய்த கூம்பு ஆண்டெனா, ஒரு சிறு பெருக்கி, கணினியில் செருகும் மலிவான யுஎஸ்பி வானொலி ரிசீவர். இவை இருந்தால் பால்வீதியின் சுழற்சியை மொட்டை மாடியிலிருந்தே பிடிக்கலாம். நொடிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்கு அலைவரிசை 474 கிலோஹெர்ட்ஸ் நகரும். திருவோணம் பக்கத்துப் பால்வீதியை நோக்கினால் வாயு விலகிப் போவது தெரியும். காசியோப்பியா பக்கம் திருப்பினால் நெருங்கி வருவது தெரியும். பூமி சூரியனைச் சுற்றும் நொடிக்கு 30 கிலோமீட்டரில், நீங்கள் நோக்கும் திசையில் வரும் பங்கைக் கழிக்க மறந்துவிடாதீர்கள், பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

மூன்றாவதுக்குச் செலவே இல்லை. மே மாதக் கடைசியில், நிலா இல்லாத இரவில், ஒன்பது மணி வாக்கில் தெற்கே மறைப்பு இல்லாத இடத்துக்குப் போங்கள். தலைக்கு மேலே சற்றுத் தெற்கில் சித்திரை நட்சத்திரம் வெண்ணீலமாக நிற்கும். அங்கிருந்து நேர் தெற்கே 36 டிகிரி இறங்குங்கள். கையை நீட்டி முட்டி பிடித்தால் ஒரு முட்டி பத்து டிகிரி, ஆக மூன்றரை முட்டி. சென்னையிலிருந்து அடிவானத்துக்கு மேலே 29 டிகிரி, கன்னியாகுமரியிலிருந்து 34. அங்கே மங்கலான ஒரு நட்சத்திரம் போலத் தெரிவதுதான் ஒமேகா சென்டாரி. 17,000 ஒளியாண்டு தள்ளி, சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருப்பவர்களுக்கு இது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை, நமக்கு மாடியிலிருந்தே கிடைக்கிறது.

பைனாகுலரை ஒரு கம்பத்தில் சாய்த்து ஆடாமல் பிடித்து, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் கொடுங்கள். பிறகு அதை முழு வட்டமாக வரைவதா, எந்தப் பக்கமாவது சற்று நீட்டி வரைவதா என்று நீங்களே தீர்மானித்து, ஒரு நோட்டில் வரைந்து, திசையும் தேதியும் எழுதிவையுங்கள். புகைப்படத்தை அதற்கு அப்புறம் பாருங்கள்.